ஒரே படகில் வலையும் பட்டையும்

தஃப்ஸீர் வகுப்பில் அல்பகறா அத்தியாயத்தின் 26ஆம் வசனத்தை அடையும்போதெல்லாம் ஒரு நிகழ்ச்சி தவறாமல் நடக்கும். கொசுவை உவமையாக எடுத்துரைக்க இறைவன் கூச்சப்படுவதில்லை என்னும் கருத்தமைந்த வசனம் அது. ‘பஊளா’ என்னும் சொல்லுக்கு நான் பொருள் சொல்லி முடிக்குமுன் பின்வரிசையில் ஒரு பிள்ளை தன் முழங்காலில் ‘பட்’டென்று ஓர் அடி வைப்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன். விரிவுரை தானே வந்து அமர்ந்துவிட்ட பிறகு நான் என்ன சொல்ல இருக்கிறது?

சிரிப்பு அடங்கியதும் மாணவர்கள் நம்ரூதின் கதையைக் கேட்பார்கள். நபி இப்றாஹீம் (அலை) அவர்களோடு வழக்காடிய அக்கொடுங்கோலனின் தலைக்குள் ஒரு கொசு புகுந்து அவனை அழித்ததாக விரிவுரையாளர்களும் வரலாற்றாசிரியர்களும் கூறிவரும் கதை அது. திருக்குர்ஆன் அவனது வாதத்தைக் கூறுகிறது. கொசுவின் கதையைக் கூறவில்லை. இரண்டையும் பிரித்தறிவது மாணவர்க்கு நல்லது என்பதால் அதையும் சொல்லிவிடுவேன்.

அதே வசனத்தில் இன்னொரு சொல் உண்டு. ‘ஃபமா ஃபவ்க்கஹா’ என்பது. ‘கொசுவையும், அதற்கு மேலானதையும்’ என்று நேர்பொருள் கொள்ளலாம். ‘மேலானது’ என்றால் உருவத்தில் பெரியது என்றனர் ஒரு சாரார். இல்லை, சிறுமையில் கொசுவையும் மிஞ்சியது, அதாவது கொசுவினும் நுண்ணியது என்றனர் மற்றொரு சாரார். இரண்டு கருத்துகளும் பழைய விரிவுரைகளிலேயே உள்ளன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில் நண்பர் ஒருவர் என்னிடம், ‘கொசுவினும் நுண்ணியது என்றால் மலேரியாக் கிருமிதானே? இதை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று நீங்கள் பேச வேண்டும்’ என்று வேண்டினார். நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதற்கு அன்று விடை சொல்ல நேரமில்லை. இக்கட்டுரை அந்த விடையே ஆகும். விடை சற்று நீண்டது. சில ஆறுகளின் வழியாகச் சுற்றிவர வேண்டியது.

*

கொசுவோடு மனிதன் நடத்திய போர் ஆற்றங்கரையில்தான் தொடங்கியிருக்க வேண்டும். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைக் கண்ட கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், நைல் நதிக்கரை மக்கள் கொசுவுக்குத் தப்பிய வகையை எழுதி வைத்துள்ளார். மேட்டுப் பகுதியினர் உயர்ந்த கோபுரங்களின் மீது ஏறி உறங்கினர். காற்றடிக்கும் உயரத்திற்குக் கொசு பறந்து வர இயலாது. சதுப்பு நிலத்தாருக்குக் கோபுரம் இல்லை. ஆனால், வீட்டுக்கு வீடு மீன்வலை இருந்தது. பகலில் மீன் பிடித்த வலையை இரவில் படுக்கையைச் சுற்றிக் கட்டி, அதனுள் புகுந்து உறங்கினர். போர்வையைத் துளைத்துக் கடிக்கும் கொசு, வலையைக் கடந்துவர முயல்வதுகூட இல்லை என்று அவர் வியக்கிறார்.

காற்று, வலை ஆகிய இவ்விரண்டையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இரண்டும் மீண்டும் வரும்.

நைலிலிருந்து தஜ்லா நதிக்கு வருவோம். அப்பாஸியர் காலத்தில் பக்தாதிலிருந்து பஸராவுக்குப் படகில் செல்வோர் வாசித் நகரைத் தாண்டியதும் ‘பதாயிஹ்’ என்னும் பெருஞ்சதுப்பில் நுழைந்தாக வேண்டும். நதி அங்கே கரையிழந்து நாணற்காடாய்ப் பரந்து கிடந்தது. பெரிய மரக்கலங்கள் அதனுள் செல்ல மாட்டா. சரக்குகளைச் சிறு தோணிகளில் மாற்றி ஏற்றி, நாணலை வெட்டி அமைத்த நீர்த்தடங்களின் வழியே கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். வழிப்பறிக் கள்வர்க்கு நாணற்காடு நல்ல மறைவிடம். ஆகவே இடையிடையே நாணலால் மேடையிட்டு, அதன்மேல் குடிசை கட்டிக் காவலரை இருத்தினர். அக்குடிசைகள் காவலரைக் கொசுவினின்று காப்பதற்காகவே அடைப்பாகக் கட்டப்பட்டவை என்று அரபுப் புவியியலாளர் குறித்துள்ளனர். கள்வனைத் தடுக்க ஆள். அந்த ஆளைக் கொசு தூக்கிச் செல்லாமல் தடுக்கக் குடிசை!

அச்சதுப்புக்குக் கீழே அமைந்த பஸரா நகரில்தான் ஜாஹிழ் பிறந்தார். ஹிஜ்ரி 255இல் மறைந்தார். ‘கித்தாபுல் ஹயவான்’ என்னும் அவரது பெருநூலில் ஈயும் கொசுவும் யானைக்கும் சிங்கத்துக்கும் ஒப்பாக இடம் பெற்றுள்ளன. இவ்வளவு அற்பமான உயிரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்போரை அவர் பொருட்படுத்தவில்லை. அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் எகிப்தில் ‘ஹயாத்துல் ஹயவான்’ எழுதிய தமீரியோ கொசுவை யானையோடு ஒப்பிடுகிறார். யானைக்குள்ள துதிக்கை கொசுவுக்கும் உண்டு. யானைக்கு இல்லாத கூடுதற் கால்களும் சிறகுகளும் கொசுவுக்கு உண்டு என்பது அவர் கணக்கு.

எத்துணை நுணுக்கமான பார்வை! கொசுவின் துதிக்கை வரை வந்துவிட்டார்கள். அத்துதிக்கையினுள் என்ன இருக்கிறது என்பது மட்டும் கண்ணுக்கு எட்டவில்லை. மறுபுறம் நம் மருத்துவர்கள் காய்ச்சலை வகைப்படுத்தியிருந்தனர். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவதை ‘கிப்பு’ என்றும், இருநாள் விட்டு வருவதை ‘ரிப்உ’ என்றும் அழைத்தனர். தேங்கிய நீரும் சதுப்பின் காற்றும் தீயவை என்றும் எழுதினர். கொசுவின் ஏடு ஓர் அலமாரியில். காய்ச்சலின் ஏடு மற்றோர் அலமாரியில். இரண்டையும் சேர்த்துக் கட்ட எவருக்கும் தோன்றவில்லை.

*

இனி நெடுந்தொலைவு கடந்து அமெரிக்காவின் மிசௌரி நதிக்குச் செல்ல வேண்டும். கொசுவுக்கு எதிரான வலையும் காய்ச்சலுக்கு எதிரான மருந்தும் ஒரே படகில் ஏறிய கதை அங்கே விரிவாகப் பதிவாகியுள்ளது.

1803இல் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் பிரான்சிடமிருந்து லூசியானா என்னும் பெருநிலப் பரப்பை விலைக்கு வாங்கினார். மிசௌரி நதி எங்கே பிறக்கிறது, அதன் வழியே மேற்குக் கடலை அடைய முடியுமா என்று கண்டுவர மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் என்னும் இரு தலைவர்களை அனுப்பினார். 1804 மே 14ஆம் நாள் 55 அடி நீளமுள்ள பெரும்படகு ஒன்றிலும் இரு சிறு படகுகளிலும் நாற்பதுக்கு மேற்பட்டோர் நீரோட்டத்தை எதிர்த்துப் புறப்பட்டனர். பசிபிக் கடலைக் கண்டு அவர்கள் திரும்பி வந்தது 1806 செப்டம்பர் 23ஆம் நாள்.

பயணத்தின் நாட்குறிப்புகளை எடுத்துப் படிப்பவர் கரடியும் பாம்பும் பகைவரும் பக்கந்தோறும் வருவர் என எதிர்பார்ப்பர். உண்மையில் கோடைப் பக்கங்களில் ஓயாமல் வருவது கொசுதான். மிகவும் தொல்லை என்று இன்று எழுதுவார்கள். நாளை அதையே மீண்டும் எழுதுவார்கள். 1805 ஜூலை 24ஆம் நாள் லூயிஸ் மூன்று பகைவரை வரிசைப்படுத்துகிறார்: கொசு, கண்ணில் மொய்க்கும் சிற்றீ, காலைத் துளைக்கும் சப்பாத்திக்கள்ளி. எகிப்தைப் பிடித்த எந்த மூன்று சாபங்களுக்கும் இவை குறைந்தவை அல்ல என்று எழுதியவர், அதோடு நிறுத்தாமல், முஸ்லிம்களின் ஆட்சி என்னும் நுகம் ஒன்றுதான் இவற்றை மிஞ்சியது என்று ஒரு கொசுக்கடியையும் சேர்த்துவிடுகிறார். எகிப்தை அவர் கண்டவரல்லர். தம் காலத்து எண்ணத்தைத் தம்மோடு படகில் ஏற்றிவந்தவர். அதற்காக அவரிடம் சினம் கொள்ள எனக்குத் தோன்றவில்லை. முகமெல்லாம் வீங்கி அமர்ந்து எழுதும் மனிதரின் பேனாவில் சிறிது கசப்பு கலந்துவிடுவது இயல்பே. அவர் எழுதிய எஞ்சியவற்றை நம்பத்தக்க சான்றாகவே கொள்கிறேன்.

திரும்பும் வழியில் 1806 ஜூலை 3ஆம் நாள் குழு இரண்டாகப் பிரிந்தது. லூயிஸ் வடக்கே பேரருவி வழியாகவும், கிளார்க் தெற்கே எல்லோஸ்டோன் நதி வழியாகவும் செல்வது. அந்நதி மிசௌரியோடு கலக்கும் முனையில் இரு குழுவினரும் கூடுவது என்பது ஏற்பாடு. பிரிந்த அன்று மாலையே கொசுக்கள் குதிரைகளை வெறிகொள்ளச் செய்தன. லூயிஸ் பெருந்தீ மூட்டச் செய்தார். குதிரைகள் தாமே வந்து புகைக்குள் நின்றுகொண்டன. மாட்டுத் தொழுவத்தில் மாலையில் மூட்டம் போடும் நம்மூர்க்காரர்களுக்கு இதில் வியப்பில்லை. ஜூலை 15ஆம் நாள் பேரருவிக் கரையில் அவர் எழுதியது இன்னும் கொடுமை: தம் பொழுதில் முக்கால் பங்கை வலைக்குள்ளேயே கழிக்க நேர்ந்தது; துணைக்கு வந்த பெரிய நியூபவுண்ட்லாந்து நாயே வேதனை தாளாமல் ஊளையிட்டது.

லூயிஸுக்காவது வலை இருந்தது. கிளார்க்கோடு சென்றவர்களிடம் வலை இல்லை. ஆகஸ்டு 3ஆம் நாள் அவர்கள் கூடுமுனையை அடைந்தனர். மறுநாள் கிளார்க் எழுதிய பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஹெரோடோட்டஸ் நினைவுக்கு வந்தார். மரங்கள் அடர்ந்த கரையில் நிற்கவே இயலவில்லை. ஆற்று நடுவே மணல்திட்டில் ஒதுங்கினால் சற்று ஆறுதல். அதுவும் காற்று வீசும்போது மட்டுமே என்கிறார். எகிப்தியர் கோபுரத்தில் ஏறித் தேடிய அதே காற்றை இவர்கள் மணல்திட்டில் தேடினர். இரவில் போர்த்திக்கொள்ள இருந்தவையோ பொத்தல் விழுந்த பழங்கம்பளிகள். தோல் பதப்படுத்தக் கைகள் ஓயவில்லை. கொசு விரட்டவே இரு கைகளும் போதவில்லை.

அக்குழுவில் ஒரு தாயும் சேயும் இருந்தனர். ஷோஷோனி இனத்தவளான சக்காகவியா, பயணத்தின்போதே 1805 பிப்ரவரியில் பெற்றெடுத்த ஆண் குழந்தையை முதுகில் சுமந்து மேற்குக் கடல் வரை சென்று திரும்பியவள். அக்குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. கொசுக்கடியால் அதன் முகம் உப்பி வீங்கிப்போயிற்று என்று கிளார்க் குறித்துள்ளார். நாடு காணும் பயணத்தின் பெருங்கணக்குகளுக்கு இடையே அந்த ஒரு வரியை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினார். அதற்காகவே அவர்மீது எனக்கு மதிப்புண்டு.

கூடுமுனையில் காத்திருப்பது என்ற ஏற்பாட்டைக் கிளார்க் கைவிட்டார். காரணங்கள் இரண்டு: கொசுவின் தொல்லை; உலர்த்தி வைக்கப் போதிய காட்டெருமை இறைச்சி கிடைக்காமை. லூயிஸுக்கு ஓலை எழுதிக் கழியில் கட்டிவிட்டு ஆற்றோடு கீழே இறங்கினார். மறுநாள் ஒரு மலையாட்டைச் சுடக் குறிபார்த்தார். துப்பாக்கியின் மீது மொய்த்த கொசுக்களை விரட்டி முடிவதற்குள் குறி தவறிற்று. ஆகஸ்டு 7ஆம் நாள் லூயிஸ் கூடுமுனைக்கு வந்தபோது தலைவரும் இல்லை, முழு ஓலையும் இல்லை. மான்கொம்பில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கிழிசல் கிடைத்தது. வேட்டை அரிது, கொசு கொடிது என்ற செய்தி மட்டும் அக்கிழிசலில் தப்பியிருந்தது. நால்வகைப் படைக்கும் பணியாத தலைவர்களைக் கொசுப்படை இடம்பெயர்த்துவிட்டது. நம்ரூதின் கதையைக் கேட்டுச் சிரிக்கும் என் மாணவர்க்கு நான் இதையும் சொல்வதுண்டு. இதற்கு எழுத்துச் சான்று உள்ளது.

*

இப்போது அப்படகின் சரக்குப் பட்டியலைப் பார்ப்போம். பயணத்திற்கு முன் 1803இல் பிலடெல்பியா நகரில் லூயிஸ் வாங்கிய பொருள்களில் கொசுவலைக்கான துணி உண்டு. மருந்துப் பெட்டியில் 15 பவுண்டு பெரு நாட்டுப் பட்டைத்தூள் உண்டு. பெரு நாட்டுப் பட்டை என்பது சிங்கோனா மரத்தின் பட்டை. நம் முன்னோர் ‘கொயினா’ என்று கசப்போடு விழுங்கிய மருந்தின் தாய். குளிர்காய்ச்சலை அது தணிக்கும் என்பது ஐரோப்பியர்க்கு 17ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது.

வலை எதற்கு? உறக்கத்திற்கு. பட்டை எதற்கு? காய்ச்சலுக்கு. காய்ச்சல் எதனால் வருகிறது? சதுப்பின் கெட்ட காற்றால். அன்றைய கற்றோர் அனைவரின் விடையும் அதுவே. ‘மலேரியா’ என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். லூயிஸையே 1803 நவம்பரில், புறப்பாட்டுக்கு முந்தைய ஆற்றுவழியில், குளிர்காய்ச்சல் பிடித்து உலுக்கியது. அப்போது அவர் விழுங்கியது பேதி மாத்திரை. பட்டையையோ காய்ச்சலுக்கு மட்டுமன்றி வேறு பலவற்றுக்கும் பயன்படுத்தினர். 1806 ஆகஸ்டு 11ஆம் நாள் தம் குழுவினருள் ஒருவர் மான் என மயங்கிச் சுட்டதில் லூயிஸின் பின்புறத்தில் குண்டு பாய்ந்தபோது, அப்புண்ணின்மேல் கட்டியதும் இதே பட்டைதான்.

வடக்கே அவரை வாட்டிய கொசுக்கள் எல்லாம் காய்ச்சல் தருபவை என்று நான் சொல்லவில்லை. கொசுவில் பல்லாயிரம் இனமுண்டு. மனிதருக்கு மலேரியாவைத் தருவது அனாபிலிஸ் வகையைச் சேர்ந்த சில இனங்களின் பெண்கொசு மட்டுமே. கூட்டமாய் வந்து கடித்துக் குதறுவது ஒன்றாகவும், ஓசையின்றிக் கடித்துக் காய்ச்சலைத் தந்து செல்வது வேறொன்றாகவும் இருக்கலாம். அதனால்தான் உண்மை இவ்வளவு காலம் மறைந்து கிடந்தது. நான் சொல்வது ஒன்றே: ஒரே பகைவனுக்கு எதிரான கேடயமும் வாளும் ஒரே படகில் அடுத்தடுத்துக் கிடந்தன. இரண்டும் ஒரே போருக்கு உரியவை என்பதை அப்படகில் இருந்த எவரும் அறியவில்லை. அன்று உலகில் எவருமே அறியவில்லை.

*

அறியாமைக்கு மிசௌரியில் வாங்கப்பட்ட விலை அரிப்பும் உறக்கமின்மையும். ஆப்பிரிக்காவின் நைஜர் நதியில் வாங்கப்பட்ட விலை உயிர்.

1841இல் பிரிட்டன் மூன்று நீராவிக் கப்பல்களை அந்நதிக்கு அனுப்பியது. ஆல்பர்ட், வில்பர்போர்ஸ், சூடான் என்பன அவற்றின் பெயர்கள். உள்நாட்டு மன்னர்களோடு அடிமை வணிகத்திற்கு எதிரான உடன்படிக்கை செய்வதும், வேளாண்மைப் பண்ணை அமைப்பதும் நோக்கம். அந்நதியின் காய்ச்சல் முன்னரே பேர்பெற்றது. ஆகவே கெட்ட காற்றைத் தூய்மை செய்ய டாக்டர் ரீட் என்பவர் ஓர் அமைப்பை வகுத்தார். வெளிக்காற்று, இரசாயனப் பொருள்கள் நிறைந்த பெட்டி ஒன்றின் வழியே இழுக்கப்பட்டு, குழாய்களில் கீழ்த்தளமெங்கும் செலுத்தப்பட்டது. அக்காலத்து அறிவு செய்யக்கூடிய உச்சநிலை ஏற்பாடு அது. நோக்கமும் நல்லது, முயற்சியும் நேர்மையானது.

ஆகஸ்டு மாதம் நதிக்குள் நுழைந்தனர். செப்டம்பர் தொடக்கத்தில் காய்ச்சல் நுழைந்தது. ஐரோப்பியர் 145 பேரில் 130 பேர் படுக்கையில் விழுந்தனர்; நாற்பது பேரளவில் மாண்டனர். நோயாளிகளோடு இரு கப்பல்கள் கடலுக்குத் திரும்பின. எஞ்சிய ஆல்பர்ட் கப்பலில் இறுதியில் வேலை செய்ய ஆளில்லை. நிலவியல் ஆய்வுக்கு வந்த ஸ்டேங்கர் என்பவர் நீராவிப் பொறி பற்றிய ஒரு நூலைப் படித்துப் படித்துப் பொறியை இயக்கினார்; மருத்துவர் மெக்வில்லியம் கப்பலை வழிநடத்தினார். நோயாளிகளின் முனகலுக்கு நடுவே அக்கப்பல் நதியில் இறங்கி வந்த காட்சியை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. காற்றைச் சல்லடையிட்டார்கள். கொசு திறந்த வழியே வந்து போயிற்று.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1854இல், டாக்டர் பெய்க்கி என்பவர் ப்ளெயட் என்னும் கப்பலில் அதே நதியில் நுழைந்தார். 1820இல் சிங்கோனா பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கொயினாவை, காய்ச்சல் வந்த பின்னர் அன்று, வருமுன்னரே நாள்தோறும் கொடுத்தார். 118 நாள் ஆற்றில் இருந்தும் ஐரோப்பியர் 12 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. வாள் கூர்மையானது என்பது உறுதியாயிற்று. எதன் மீது அது பாய்கிறது என்பது அப்போதும் தெரியவில்லை. வழி திறந்த நதியில் பின்னர் வணிகரும் பேரரசும் புகுந்தனர் என்பதையும் வரலாறு சேர்த்தே சொல்கிறது. ஒரு மருந்து யார் கையில் என்னவாகும் என்பதற்கு மரம் பொறுப்பன்று.

*

முடிச்சு அவிழ்ந்த இடம் நமக்கு அண்மையில் உள்ளது. 1880இல் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லவரான், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், காய்ச்சல் கண்ட போர்வீரரின் இரத்தத்தில் நுண்ணுயிரைக் கண்டார். அது உடலுக்குள் எவ்வாறு வருகிறது? இவ்வினாவைச் சுமந்துகொண்டு ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் செகந்தராபாத்தில் ஆய்வு நடத்தினார். காய்ச்சலுற்ற நோயாளியைக் கட்டிலில் கிடத்தி, வலையைக் கட்டி, கொசுக்களை வலைக்கு உள்ளே விட்டார். ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கொசுவை வெளியே நிறுத்திய வலை, முதன்முறையாகக் கொசுவை உள்ளே அடைக்கப் பயன்பட்டது!

அவ்வாறு உடலைக் கொடுத்தவர்களின் பெயர்களை ராஸ் மறைக்கவில்லை. 1895இல் அப்துல் காதிர்; 1897இல் ஹுசைன் கான். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. அவ்வாண்டின் இளவேனிலில் ராஸே நம் நீலகிரியின் சீகூர்க் கணவாய்க்குச் சென்று காய்ச்சலைப் பெற்றுத் திரும்பியிருந்தார். 1897 ஆகஸ்டு 20ஆம் நாள், ஹுசைன் கானின் இரத்தம் குடித்த அனாபிலிஸ் கொசு ஒன்றை அறுத்து நுண்ணோக்கியில் வைத்தார். வயிற்றுச் சுவரில் கருந்துகள் கொண்ட உருண்டைகள் இருந்தன. துதிக்கைக்கு அப்பால் இருந்தது இறுதியில் கண்ணுக்கு எட்டிற்று. 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹுசைன் கானுக்குக் கிடைத்தவை சில அணாக்கள். அறிவின் வரலாற்றில் இருவர்க்கும் இடமுண்டு என்பது என் துணிபு.

ஐயுற்றோர் அப்போதும் இருந்தனர். அவர்களுக்காக 1900 கோடையில் இத்தாலியில் ஒரு சோதனை நடந்தது. ரோம் நகருக்கு அருகே, டைபர் நதி கடலில் கலக்கும் ஒஸ்தியாவின் காய்ச்சற் சதுப்பில், சாம்பன், லோ என்னும் இரு மருத்துவர்கள் ஒரு குடிசையில் குடியிருந்தனர். சன்னல்களில் கம்பிவலை. பொழுது சாய்ந்தால் உள்ளே. பொழுது விடிந்தால் வெளியே. கொயினா உண்ணவில்லை. சதுப்பின் இரவுக் காற்று தாராளமாக உள்ளே வந்தது. கொசு மட்டும் வரவில்லை. காய்ச்சலும் வரவில்லை.

1841இன் கப்பல் காற்றை வடித்துக் கொசுவை விட்டது. 1900இன் குடிசை கொசுவைத் தடுத்துக் காற்றை விட்டது. காற்று குற்றமற்றது என்று தீர்ப்பாயிற்று. பதாயிஹ் சதுப்பின் நாணற்குடிசையில் அடைந்து கிடந்த காவலர்கள் அன்றே பாதி விடையினுள் உறங்கிக்கொண்டிருந்தனர். மீதிப் பாதிக்கு ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

கடிக்கும் ஈயின் கதையும் இத்தகையதே. கொசு தேங்கிய நீரில் முட்டையிடும். கருப்பு ஈ என்னும் சிற்றீயோ விரைந்தோடும் ஆற்றில் வளரும். மேற்கு ஆப்பிரிக்க ஆற்றங்கரைகளில் ஊர் ஊராக மக்கள் கண்ணிழந்ததும், வளமான வயல்களை விட்டு அகன்றதும் அந்த ஈ பரப்பும் புழுவினால் என்பது 1926இல் பிளாக்லாக் என்னும் மருத்துவர் சியரா லியோனில் செய்த ஆய்வால் துலங்கிற்று. 1974 முதல் 2002 வரை நடந்த பெருமுயற்சியால் அக்கரைகள் பலவற்றில் மக்கள் மீண்டும் குடியேறினர். அங்கும் முதலில் எல்லோரும் கண்டது தொல்லையை; பிறகே கண்டது காரணத்தை.

*

மீலாது மேடை நண்பருக்கு இப்போது விடை சொல்லலாம்.

கொசுவினும் நுண்ணியதற்கு வேதத்தில் இடமுண்டு என்று நம் விரிவுரையாளர்களுள் ஒரு சாரார் கூறியது உண்மை. அதை ஓதும்போது என் உள்ளமும் சிலிர்க்கிறது. ஆனால், ‘நாம் அன்றே அறிந்திருந்தோம்’ என்பது உண்மை அன்று. நாம் அறிந்திருந்தால் பஸராவிலும் பக்தாதிலும் காய்ச்சலால் மாண்ட பிள்ளைகளை ஏன் காக்கவில்லை? அவர்களின் மண்ணறைகளுக்கு முன் நின்று அப்பெருமையை நாம் பேச முடியுமா? வசனம் நமக்குக் கொடுத்தது விடையன்று. சிறியதைக் கண்டு கூச்சப்படாதே என்னும் பயிற்சி. படைத்தவனே எடுத்துரைக்க நாணாத ஒன்றை ஆராய்வதற்கு அடியான் நாணலாமா? ஜாஹிழ் நாணவில்லை, துதிக்கை வரை வந்தார். பின்வந்த நாம் அங்கேயே நின்றுவிட்டோம். ராஸ் நுண்ணோக்கியோடு மேலும் ஓரடி வைத்தார். தேடலை விட்டவர்க்கு உரிமை கொண்டாடல் எளிது.

அடுத்த ஆண்டும் அந்த வசனம் வரும். பின்வரிசையில் யாரோ ஒரு பிள்ளை முழங்காலில் அடிப்பான், வகுப்பு சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும், ‘உன் கையில் ஒட்டியிருப்பது என்ன என்று பார்’ என்று சொல்ல எண்ணியுள்ளேன். அவன் பார்க்கட்டும். அவன் கண்ணுக்கு ஒரு துளி இரத்தம்தான் தெரியும். அதற்கு மேலும் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் அவ்வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்குப் பிறந்தாலும், நான் ஓதிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று நம்புவேன்.